பூச்சியியலும் ஒரு பூச்சியமும்

என் மகளை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் போவதில்லை என்று நான் முடிவெடுத்தது குளியலறையில். எங்கள் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கிற இடம் அது ஒன்றுதான். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது.

தலையெல்லாம் சோப்பு நுரை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "முடியாது! முடியவே முடியாது!" என்றேன்.

"தண்ணி நின்னுபோச்சா?" என்று வெளியிலிருந்து மனைவியின் குரல்.

"இல்ல."

"அப்ப என்ன முடியாது?"

"ஒண்ணுமில்ல. பாட்டு."

"ராகம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பூச்சி ஒழிப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். முதுகில் டாங்க், கையில் குழாய், மூக்கில் முகமூடி. எங்கள் தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'மருந்துக்காரர்' என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். நான் ஒரு வீட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் அங்கே மருந்துக்குக்கூட ஒரு கரப்பான்பூச்சி இருக்காது.

அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே மகள் என்ன படிக்கிறேன் என்கிறாள் தெரியுமா? பூச்சியியல்! அப்பன் கொன்றுகொண்டே முன்னால் போகிறான். மகள் பின்னாலேயே வந்து துக்கம் விசாரிக்கிறாள். அவள் அறையில் கண்ணாடிப் பாட்டில்கள். பாட்டிலுக்குள் வண்டுகள். நான் உள்ளே போனால் எல்லாம் ஒரே திசையில் திரும்பி என்னை முறைக்கும். வாசனை தெரியும் போலிருக்கிறது.

சரி, படிக்கட்டும். எங்கே படிப்பது? அந்தப் படிப்புக்குப் பேர்போன இடம் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். ஊரே விண்ணப்பம் போடும், ஒரு கைப்பிடி ஆளைத்தான் எடுப்பார்கள். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். இங்கேயோ, எங்கள் தெருமுனையில் ஒரு காலேஜ் பஸ் வந்து நிற்கிறது. ஏறினால் காலேஜ், இறங்கினால் வீடு. அந்தக் காலேஜில் கணக்குப்பதிவியல் மட்டும்தான் உண்டு, பூச்சி கிடையாது. அதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயமே. வீட்டிலும் பேச்சுவாக்கில் அதைச் சொல்லி வைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? படிப்பு பிரச்சினை இல்லை. தூரம்தான் பிரச்சினை. அவள் இல்லாத வீட்டுக்குள் சாயங்காலம் நான் எப்படி நுழைவது? இதை வெளியே சொன்னால் கண் கலங்கிவிடும். அதனால் கோபப்பட்டேன். எனக்குக் கைவந்த கலை அது ஒன்றுதான்.

ஆனால் நேரடியாக 'போகக் கூடாது' என்று சொன்னால் நான் வில்லன் ஆகிவிடுவேன். அவளாகவே 'வேண்டாம்பா' என்று சொல்ல வேண்டும். நுரையைக் கழுவுவதற்குள் திட்டம் தயாராகிவிட்டது.

பக்கத்து வீட்டில் பர்சன்டேஜ் சார் இருக்கிறார். அதே பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் சதவீதத்தில்தான் பேசுவார். "மழை வருமா சார்?" என்றால் "அறுபது" என்பார். "சாப்பிட்டாச்சா சார்?" என்றால் "எண்பது. பழம் பாக்கி" என்பார். பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர்கள் அவர் வீட்டு முன்னறையில் பல் டாக்டரிடம் காத்திருப்பது மாதிரி காத்திருப்பார்கள். மார்க்கைக் கேட்பார். பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்பார். கண்ணை மூடுவார். ஓர் எண்ணைச் சொல்வார். எழுபது என்று சொன்ன பிள்ளை அங்கே போக மூட்டை கட்டும். முப்பது என்று சொன்ன பிள்ளை அன்றைக்கே வேறு காலேஜ் தேடும். அவர் வாக்கு தப்பியதில்லை.

அன்று மாலையே அவரைத் தனியாகப் பார்த்தேன்.

"நாளைக்கு என் பொண்ணைக் கூட்டிட்டு வரேன் சார்."

"வாங்க."

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லணும்."

"எதை?"

"சதவீதத்தை."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்த்தார். "பொண்ணு நல்ல மார்க்காச்சே?"

"அதான் சார் பயமா இருக்கு."

"உண்மையை விட்டுக் குறைக்கிற பழக்கம் எனக்கு இல்லையே."

"சார், அவ அவ்வளவு தூரம் போயிட்டா..." தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரயில்ல காத்தோட்டம் பத்தாது சார்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எவ்வளவு குறைக்கணும்?" என்றார்.

"அவ மனசு உடையக் கூடாது. ஆசை மட்டும் உடையணும்."

"முப்பத்தஞ்சு?"

"இருபது போட்டுக்கங்க."

"முப்பது."

"நம்ம பழக்கத்துக்காக சார்."

"சரி, இருபத்தஞ்சு. அதுக்குக் கீழ கட்டுப்படியாகாது."

சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலையைச் சொல்ல வேண்டும். தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. காதில் போனை மாட்டிக்கொண்டு, குழாயில் தண்ணீர் வராத மனிதர்களின் வசவைக் காலை முதல் மாலைவரை கேட்க வேண்டும். "உங்க கோபம் நியாயம்தான் சார்" என்று ஆரம்பிப்பாள். அந்த ஆள் கடைசியில் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பான். தண்ணீர் மட்டும் வந்திருக்காது.

"என்னங்க, சந்தோஷமா இருக்கீங்க?" என்றாள்.

"சும்மாதான்."

"சும்மா எல்லாம் நீங்க சந்தோஷமா இருக்க மாட்டீங்களே. பக்கத்து வீட்டுலேர்ந்தா வர்றீங்க?"

"காத்து வாங்கப் போனேன்."

"அவர் வீட்டுல ஜன்னலே கிடையாதே" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளோடு வாதாட நேரமில்லை. சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாக, குறட்டையோடு தூங்கினேன்.

மறுநாள் காலை மகளோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் தான் வரைந்த விட்டில்பூச்சிப் படத்தை நீட்டினாள். அதன் இறக்கையில் இருந்த ஒவ்வொரு கோடும் தலைமுடி மாதிரி இருந்தது. பர்சன்டேஜ் சார் படத்தைப் பார்த்தார். மார்க்கைக் கேட்டார். கண்ணை மூடினார். நானும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாலு" என்றார்.

கண்ணைத் திறந்தேன். "நாற்பதா சார்?"

"நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

பேசியது இருபத்தைந்து! இவர் என்ன, கேட்டதற்கு மேல் தள்ளுபடி கொடுக்கிறார்? மகளின் முகம் வாடி, தலை தொங்கிப்போயிற்று.

"ஏன் சார் அவ்வளவு குறைவு?"

"பொண்ணு மேல குறை இல்ல. குறை எல்லாம் வீட்டுலதான்."

"எந்த வீட்டுல?"

"உங்க வீட்டுல. நேர்முகத்துல அப்பா என்ன பண்றார்னு கேட்பாங்க. முதுகுல டாங்க்கைக் கட்டிக்கிட்டு அடுத்தவங்க வீட்டுச் சமையலறையில கரப்பான் அடிக்கிறார்னு சொல்லணும். அங்க வர்றதெல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைங்க, பேராசிரியர் வீட்டுப் பிள்ளைங்க. உங்க வீட்டுல ஒரு புத்தக அலமாரி உண்டா? இருக்கிற ஒரு அலமாரியிலயும் மருந்து டப்பாதானே வச்சிருக்கீங்க? அந்த மாதிரி வீட்டுலேர்ந்து வர்ற பொண்ணு அங்க என்னத்தைத் தாக்குப் பிடிக்கும்? சுருக்கமாச் சொன்னா, பூச்சியியல்ல உங்க பொண்ணுக்கு வாய்ப்பு பூச்சியத்துக்குப் பக்கத்துல."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. காத்திருந்த பெற்றோர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார்கள்.

"யோவ் பர்சன்டேஜ்!" என்றேன். அதுவரை அவரை 'சார்' இல்லாமல் யாரும் கூப்பிட்டதில்லை. "நான் கரப்பான் அடிச்சா என் பொண்ணு என்னய்யா பண்ணுவா? இந்தத் தெருவுல எவன் வீட்டுச் சமையலறைக்குள்ள நான் முட்டி போடல? உன் வீட்டு சிங்க்குக்கு அடியில போன மாசம் தலையை விட்டவன் நான்தான்யா! அங்க என்ன இருந்துதுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க" என்றார் அவர் அவசரமாக.

"என் பொண்ணு போவா! அதே பல்கலைக்கழகத்துக்குப் போவா! அதே பூச்சியைப் படிப்பா! அவ போகலைன்னா நான் இந்தத் தெருவுல முகமூடி இல்லாம நடக்க மாட்டேன்!"

வெளியே வந்தேன். என் குரல் எனக்கு முன்னாலேயே வந்து எல்லா வீட்டுக் கதவையும் தட்டியிருந்தது. தெருவே வாசலில் நின்றது. அவர்களுக்காக இன்னொரு தடவை முழுதாகச் சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது.

"அப்பா, நீங்கதானே தெருமுனை காலேஜ்..." என்று மகள் இழுத்தாள்.

"எந்தக் காலேஜ்? பஸ் நிக்கிற இடமெல்லாம் காலேஜா? நட வீட்டுக்கு!"

மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னார்?" என்று கேட்டாள். சொன்னேன். கொடியில் இருந்த துணியெல்லாம் ஆடும்படி சொன்னேன். அவள் அமைதியாக ஒரு தலையணை உறையை உதறினாள்.

"விடுங்க. அனுபவசாலி. நாலுன்னா நாலுதான் இருக்கும்."

"என்னது?"

"நம்ம தகுதி என்னன்னு நமக்கே தெரிய வேண்டாமா? பேசாம நீங்க சொன்ன தெருமுனை காலேஜ்லயே..."

"நீயுமா? தகுதியா? யார் தகுதியைப் பத்திப் பேசறே? அவ போறா! இது என் முடிவு!"

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. கோபத்தில் அதையும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் மனிதனாகவே இல்லை. எழுந்திருக்கும்போதே கோபமாக எழுந்தேன். பல்லைக் கோபமாகத் தேய்த்தேன். மகள் படிக்கும் நேரத்தில் டிவி போடக் கூடாது என்று சட்டம் போட்டேன். வீட்டில் டிவி பார்க்கிற ஒரே ஆள் நான்தான். மருந்து டப்பாக்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அலமாரியைத் துடைத்து, அதில் அவளுடைய புத்தகங்களை முதுகு தெரிய அடுக்கினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தால் கண்ணில் படட்டும் என்று.

வேலைக்குப் போகிற இடங்களில் வித்தியாசமான வண்டு கண்ணில் பட்டால் அடிக்க மாட்டேன். சாப்பாட்டு டப்பாவில் பத்திரமாகப் போட்டு மகளுக்குக் கொண்டுவருவேன். ஒரு நாள் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"ஏங்க, கஸ்டமர் வீட்டுல பூச்சியைக் கொல்லாம, தட்டிக் குடுத்து டப்பாவுல போட்டீங்களாமே?"

"தட்டிக் குடுக்கல சார். மெதுவாத் தள்ளினேன்."

"நாம நடத்துறது பூச்சி ஒழிப்புக் கம்பெனியா, பூச்சி விடுதியா?"

"என் பொண்ணு படிப்புக்கு வேணும் சார்."

"படிப்புக்கு வேணும்னா கடையில வாங்குங்க."

"பூச்சி எந்தக் கடையில சார் கிடைக்கும்?"

"எல்லா மளிகைக் கடையிலயும் கிடைக்கும். அரிசி வாங்கினா அதுவே வரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மகள் நுழைவுத் தேர்வு எழுதினாள். தேறினாள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. தினமும் சாயங்காலம் பயிற்சி. நான்தான் பேராசிரியர். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்காருவேன். பொத்தான் போட முடியாது, அது வேறு விஷயம்.

"உன் அப்பா என்ன பண்றார்?"

"பூச்சி ஒழிப்பு."

"சத்தமா!"

"பூச்சி ஒழிப்பு!"

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும்!"

"அப்பா, நேர்முகம் பக்கத்து வீட்டுலயா நடக்குது?"

"பேராசிரியரை எதிர்த்துப் பேசாதே. கரையானைப் பத்திச் சொல்லு."

"வேலைக்காரக் கரையானுக்குக் கண்ணு தெரியாது சார்."

"பொய்! கண்ணு தெரியாமலா அந்த மாடி வீட்டுக் கதவு நிலையை ஒரு பக்கம்கூட விடாம தின்னுது?"

"கண்ணு தெரியாததாலதான் எந்தப் பக்கம்னு பார்க்காம தின்னுது சார்."

நான் கோட்டுக்குள் பெருமையில் புடைத்தேன். அப்போதும் வெளியே கோபமாகத்தான் இருந்தேன்.

மனிதன்தானே, சில நாள் கோபம் தளரும். மகள் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, 'ஐயோ, இவள் போய்விடுவாளே' என்று மனசு இளகும். 'வேண்டாம்மா, இங்கேயே இரு' என்று வாய்வரை வரும். அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்.

"ஏங்க, பர்சன்டேஜ் சார் காலையில நம்ம வாசலைப் பார்த்துச் சிரிச்சார்."

"எப்படிச் சிரிச்சார்?"

"நாலு பல்லு தெரிய."

அவ்வளவுதான். மறுபடியும் கோட்டை மாட்டிக்கொள்வேன்.

நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். வேண்டுமென்றே கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அதன் பை மேல் ஒரு கரப்பான் மல்லாந்து கிடக்கிற படம் இருக்கும். நீண்ட வராந்தா, உயரமான கதவுகள், வரிசையாக நாற்காலிகள். பெற்றோர்களின் காலணியெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. எவனாவது ஒருவன் என் சட்டையைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா, ஒரு பிடி பிடிக்கலாமே என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் மட்டும் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"எறும்புக்கு ஏதாவது வழி உண்டா? எங்க வீட்டுல சர்க்கரை வைக்க முடியல" என்றார்.

"உங்க பையன் உள்ள போய்ப் படிச்சுட்டு வந்து சொல்லுவான்" என்று சீறினேன். அவர் அப்பாவி. ஆனால் நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டாமா?

மகள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரயில் நிலையத்துக்கு வந்தோம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அப்பாவைப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்லப்பா. அவங்க கேக்கவே இல்ல. நானாத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"ஏன் இந்தப் படிப்புன்னு கேட்டாங்க. 'எங்க அப்பா தினமும் வீட்டுக்கு வந்து இன்னிக்கு எது எது செத்துதுன்னு சொல்வார். எப்படிச் செத்துதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். அது எப்படி வாழ்ந்துதுன்னு நான் கேட்டா மட்டும் யோசிப்பார். அதைக் கண்டுபிடிச்சு அவர்கிட்ட சொல்லணும்'னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்து போய், பிளாட்பாரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த எடை பார்க்கும் மெஷினை ஓர் உதை விட்டேன். காசு போடாமலே விளக்கெல்லாம் எரிந்தது. என் காலும்தான்.

முடிவு ஒரு மதிய வேளையில் மகளின் போனுக்கு வந்தது. "கிடைச்சிடுச்சுப்பா!" என்று அவள் கத்தினாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கதவை இடித்தேன்.

"நாலா? நாலா சொன்னே? வெளிய வாய்யா! கிடைச்சிடுச்சு! இப்ப என்ன சொல்றே?"

பர்சன்டேஜ் சார் கதவைத் திறந்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது. "ரொம்ப சந்தோஷம். உள்ள வாங்க. நான் தொண்ணூத்தி ரெண்டுன்னு போட்டிருந்தேன்."

"என்னது?"

"அந்தப் படத்தைப் பார்த்ததுமே தொண்ணூத்தி ரெண்டு. வாயில மட்டும் நாலுன்னேன். இனிமே சொல்லலாம், தப்பில்ல. அன்னிக்கு நீங்க குறைச்சுச் சொல்லச் சொல்லிட்டுப் போனீங்களா, கொஞ்ச நேரத்துல உங்க வீட்டம்மா வந்தாங்க."

"எதுக்கு?"

"'அவர் உங்ககிட்ட என்ன கேட்டார்?'னாங்க. எனக்குப் பொய் வராது. சொல்லிட்டேன். 'அவர் கேட்ட மாதிரியே குறைச்சுச் சொல்லுங்க சார். இன்னும் நல்லாவே குறைங்க. ஆனா பொண்ணைக் குறை சொல்லாதீங்க, அவரைச் சொல்லுங்க. மிச்சத்தை அவர் கோபம் பார்த்துக்கும்'னாங்க."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த முதுகுல டாங்க்?"

"அவங்க சொல்லிக் குடுத்தது."

"புத்தக அலமாரி?"

"அதுவும் அவங்கதான். எனக்குச் சொல்லவே நாக்கு கூசிச்சு. உங்களைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? பூச்சியியல்ல பூச்சியம், அது மட்டும் என்னோடது" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

"என் பொண்ணு முகம் வாடிச்சே சார்? தலை தொங்கிச்சே?"

"அவளுக்கு முன்னாடியே தெரியும். தலையை அவ்வளவு தொங்கவிட்டிருக்க வேண்டாம். அது கொஞ்சம் கூடுதல்."

"எங்க வாசலைப் பார்த்துச் சிரிச்சீங்களாமே?"

"நானா? உங்களுக்குப் பயந்துகிட்டு இத்தனை நாளாப் பின்பக்கக் கதவு வழியாத்தான் போய்ட்டு வர்றேன்."

திரும்பி வந்தேன். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் கையைக் குலுக்கினார்கள். "சொன்னபடி சாதிச்சுட்டீங்களே மருந்துக்காரரே!" என்றார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு விஷயம் எனக்கு உறைத்துக்கொண்டே வந்தது. என் மகள் போகப் போகிறாள். பிடித்துத் தள்ளி அனுப்பி வைத்தவன் நான். கோட்டுப் போட்டுக்கொண்டு வேறு அனுப்பி வைத்திருக்கிறேன்.

வீட்டில் மனைவி கட்டிலில் உட்கார்ந்து மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏமாத்திட்டே!" என்று கத்தினேன்.

"சொல்லிட்டாரா? பொய் வராதுன்னு சொன்னார், சரியாத்தான் இருக்கு."

"என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"முடியாதுன்னு."

"அதான்."

"பெத்த பொண்ணு முன்னாடி, தெரு முன்னாடி, என்னை ஒரு மனுஷன் கேவலமாப் பேசறான். அத்தனையும் நீ எழுதின வசனம்!"

"உங்க கோபம் நியாயம்தான்" என்றாள்.

"அந்த வசனத்தை உன் ஆபீஸோட வச்சுக்கோ!"

அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆபீஸ்ல நாள் முழுக்க அடுத்தவங்க கோபத்தை இறக்கி வைக்கறேங்க. எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஏத்தி விடறது இவ்வளவு சுலபம்னு எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அனுப்பப் பிடிக்கலைன்னா வாசல்ல நின்னு தெருவுக்குச் சொல்லிடுங்க, அனுப்பலைன்னு."

நான் வாசலைப் பார்த்தேன். கை குலுக்கியவர்கள் இன்னும் அங்கேதான் நின்றார்கள்.

"அவ போயிட்டா வீடு எப்படி இருக்கும்னு யோசிச்சியா?" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"எனக்கு மட்டும் அவ பொண்ணு இல்லையா?" என்றாள். அடுத்த சட்டையை எடுத்தவள், அதை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தால் கதை முடிந்துவிடும். மானம் என்று ஒன்று இருக்கிறதே! எனவே நிமிர்ந்து நின்று அறிவித்தேன்.

"அவ ரயில் ஏறுற வரைக்கும் நான் உன்கூடப் பேசப் போறதில்ல."

"சரி."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சரிங்க."

"ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன்! பார்த்துக்கோ!"

"இதோட நாலு வாக்கியம் ஆச்சு" என்றாள்.

வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அன்று முதல் நான் பேசவில்லை. பசித்தால் தட்டைக் காட்டுவேன். காபி வேண்டுமென்றால் தம்ளரைத் தட்டுவேன். சட்டையில் பொத்தான் போனபோதுகூடச் சட்டையை அவள் முன்னால் வீசிவிட்டுக் கூரையைப் பார்த்தபடி நின்றேன். மகள் நடுவில் சமாதானத்துக்கு வந்தாள். கையாலேயே அவளையும் விலக்கினேன். ஆளுக்கு ஆள் என் கோபத்தை வைத்து விளையாடினார்கள் அல்லவா? இப்போது அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்று மனைவி தவித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தேன்.

நேற்று, அவள் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். தவிப்பு ஆரம்பித்துவிட்டது என்று கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வீடு அவ்வளவு அமைதியா இருக்குக்கா, தலைவலியே வர்றதில்ல. இல்ல, அவர் கோபம் இப்போதைக்குத் தாங்கும். குறையற மாதிரி இருந்தா கொஞ்சம் ஏத்தி விட்டுக்கறேன்."